கூடுதலாகப் பத்துக் கிலோ

பிப்ரவரி 3, சனி

இந்த டைரி ஆயில் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. இதுவரை கம்ப்ரஸர் ஓடிய மணிக்கணக்கு மட்டும்தான் இதில் எழுதிவந்தேன். இன்று ஜபல்பூரிலிருந்து திரும்பும்போது கையில் பேனா இருந்தது, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அதனால் சொந்தக் கதை.

எங்கள் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் வடக்கே பல மாநிலங்களில் ஓடுகின்றன. ரிக் என்போம். எங்கோ ஒரு காட்டில் ரிக்கின் கம்ப்ரஸர் படுத்துவிட்டால், ஓனர் முத்துக்குமார் என்னைத் தூக்கி விமானத்தில் போட்டுவிடுவார். ரயிலில் போய்ச் சேருவதற்குள் வண்டி சும்மா நின்றே துருப்பிடித்துவிடும் என்பது அவர் பயம். இப்படிப் பறந்து பறந்து, ஐ.டி.ஐ. படித்த இந்த அர்த்தநாரிக்கு விமானக் கம்பெனிக்காரர்கள் தங்க அட்டை கொடுத்திருக்கிறார்கள். தங்கம் பெயரில்தான். போனைத் திறந்தால் மஞ்சளாக ஒரு படம் தெரியும், அவ்வளவே.

ஆனால் அதற்கு நடக்கிற மரியாதை இருக்கிறதே! எனக்குத் தனி வரிசை. கோட்டு போட்டவர்களுக்கு நடுவில், நகக்கண்ணில் கிரீஸோடு நான் நிற்பேன். ஏறுவதும் முதலில், உட்காருவதும் முன்வரிசையில். ஊரார் பெட்டிக்குப் பதினைந்து கிலோ என்றால் எனக்குக் கூடுதலாகப் பத்து. வால்வு, பேரிங் எல்லாம் அந்தப் பத்தில்தான் பறக்கும். பெட்டியில் சிவப்பாக ஒரு சீட்டுக் கட்டிவிடுவார்கள், இறங்குமிடத்தில் அதுதான் முதலில் வந்து விழும். காபியும் ஒரு தகர டப்பா முந்திரியும் காசில்லாமல் தருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், பணிப்பெண் என் இருக்கைக்கே வந்து குனிந்து, "மிஸ்டர் பழனியப்பன், மறுபடியும் எங்களோடு பறப்பதற்கு நன்றி" என்பாள். பழனியப்பன் என் அப்பா. இனிஷியலை விரித்து எழுதியதில் அவர் பெயர் டிக்கெட்டின் கடைசியில் போய் நின்றுகொண்டது. சைக்கிளைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர், செத்து இருபது வருஷம் கழித்து ஆகாயத்தில் நன்றி வாங்கிக்கொண்டிருக்கிறார். நான் திருத்துவதில்லை. அவர் சார்பில் தலையாட்டிவிடுவேன்.

முந்திரியைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழக்கதோஷம். என் மனைவி ஈஸ்வரிக்கு அந்த டப்பா பிடிக்கும். கடுகு, மிளகு, சீரகம் எல்லாம் அதில்தான் போட்டு வைப்பாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் டப்பா நிறைய இருக்கிறது, கடுகுதான் இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

ஈரோட்டிலிருந்து சம்பந்தியம்மா சரோஜா போன் செய்தார். மகள் சுகந்தி ராய்ப்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை சபரிநாதனுக்கு அங்கே இரும்பாலையில் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறது.

"ஏனுங்ண்ணா, கட்டுச்சோத்தைப் பத்தி ஒண்ணு பேசோணுங்க. கோவிச்சுக்கப்படாது."

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவரும் சடங்கு அது. அம்மா வீட்டார் வகைவகையாகச் சோறு கிளறிக் கட்டி எடுத்துப்போய், மாப்பிள்ளை வீட்டில் விருந்து வைத்துப் பெண்ணைக் கூட்டிவருவார்கள். ஏழில் செய்வார்கள், விட்டால் ஒன்பதில். எட்டாம் மாதத்தில் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

"சொல்லுங்க சம்பந்தியம்மா."

"அம்மா இல்லாத ஊட்ல பத்தியம் யாருங்க பாக்கறது? உங்களுக்கு ஒரு போன் வந்தாப் பையத் தூக்கிட்டு ஒடிசாவுக்குப் பறந்துருவீங்க. புள்ளை இங்கயே ஈரோட்டுக்கு வந்துரட்டுமே. நான் பாத்துக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

துணி துவைத்தேன். மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன்.

சுகந்தி பேசினாள். "அப்பா, அத்தை நல்லவங்கதான். ஆனா நான் ஈரோட்டுக்குப் போகல. அங்க நான் மருமக. காலை நீட்டிப் படுக்க ஒரு இடம் வேணுமில்லப்பா? நம்மூட்டுக்குத்தான் வருவேன்."

"கண்ணு, எனக்குக் காபி மட்டுந்தான் வெக்கத் தெரியும்."

"அதுவும் தெரியாதுப்பா உங்களுக்கு."

சிரித்தோம். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

பிரசவமான பெண்ணுக்குக் கொடுக்கிற செலவு ரசத்தைப் போனில் பார்த்துப் பார்த்து வைத்தேன். வைத்ததைக் குடித்தேன். என்ன பாவம் செய்தார்களோ பெண்கள்.

பிப்ரவரி 15, வியாழன்

மறுபடியும் வைத்தேன். இன்று குடிக்க முடிந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

சம்பந்தியம்மா நேரிலேயே வந்துவிட்டார். மாப்பிள்ளை நடுவில் ஏதோ சொல்லியிருப்பார் போல. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குளியலறையில் வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தேன். அதை இழுத்துப் பார்த்தார். நான் ரிக் ஓனர் முன்னால் சர்வீஸ் முடித்த கம்ப்ரஸரோடு நிற்பதுபோல் நின்றேன்.

ரசத்தை ஒரு டம்ளரில் கொடுத்தேன்.

"மருந்தாட்டம் இருக்குதுங்ண்ணா."

"மருந்துதானுங்களே அது."

இன்னொரு வாய் குடித்தார். "மிளகைக் கொஞ்சம் கொறைங்க. பச்சை ஒடம்பு தாங்காது." டம்ளரைக் காலி செய்துதான் கீழே வைத்தார். "என்ற மகன் சொல்றான், அவ ராத்திரியெல்லாம் உங்க ஊட்டப் பத்தியேதான் பேசறாளாம். கூட்டிட்டுப் போங்க. ஆனா ஏழு முடிஞ்சே போச்சு. எட்டுல ஆகாது. ஒம்போதுலதான்."

எந்த வீடு என்ற வாதத்திலேயே ஏழாம் மாதம் ஓடிப்போயிருந்தது. காலண்டரைப் பார்த்து மார்ச் 31, பங்குனி பதினெட்டு, ஞாயிறு என்று குறித்தோம்.

சம்பந்தியம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து உடனே டிக்கெட் போட்டேன். போகும்போது ஒன்று, திரும்பும்போது இரண்டு. தங்க அட்டைக்காரனோடு ஒரே டிக்கெட்டில் வருகிறவர்களுக்கும் முன்வரிசை இலவசமாம்! சுகந்திக்கு ஜன்னலோரம் போட்டேன். விமானக் கம்பெனியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அதன் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு தேங்காய் உடைக்கலாம்.

மார்ச் 3, ஞாயிறு

பரண்மேலிருந்த கட்டிலை இறக்கினேன். ஒரு கால் ஆடியது. சரிசெய்தேன்.

மார்ச் 13, புதன்

ஓனர் அழைப்பு, பிலாஸ்பூர் பக்கம் ஒரு வண்டி. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கவுண்டரில் ஷர்மிளா இருந்தது. என்னை நன்றாகத் தெரிந்த பெண்.

"என்னங் அங்கிள், மறுபடியும் கம்ப்ரஸரா?"

"இப்பக் கம்ப்ரஸர். மாசக் கடைசியில எம்பொண்ணு. ஒம்போதாம் மாசம் கூட்டிட்டு வாரேன், முன்வரிசை போட்டாச்சு" என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெண் டைப் அடிப்பதை நிறுத்தியது. "அங்கிள், எத்தனை வாரம்?"

"வாரமெல்லாம் யாரு கண்டா? ஒம்போது மாசம்."

"முப்பத்தாறு வாரம் தாண்டினா ஏத்த மாட்டோங் அங்கிள். அதுக்கு முன்னாடின்னாலும் டாக்டர் லெட்டர் வேணும்."

ஓரமாக நின்று விரல் விட்டு எண்ணினேன். சுகந்திக்குப் போன் செய்து சரிபார்த்தேன். முப்பத்தொன்றாம் தேதி மூன்று நாள் தாண்டிவிடுகிறது. நாங்கள் ஊரே கூடி மாதக்கணக்கில் நாள் பார்த்திருக்கிறோம். ஆகாயத்தில் வாரக்கணக்கு நடக்கிறது. கம்ப்ரஸருக்கு மட்டும் மணிக்கணக்கு சுத்தமாக எழுதுகிறவன், பெற்ற பெண்ணுக்கு இப்படிக் கோட்டை விட்டிருக்கிறேன்.

ஷர்மிளாதான் வழி சொன்னது. "உங்க அட்டைக்குத் தேதி மாத்தறது இலவசம் அங்கிள். முன்னாடி மாத்திக்குங்க."

மார்ச் 14, வியாழன்

சம்பந்தியம்மாவிடம் பேசினேன். பத்தொன்பதாம் தேதி வரை எட்டு, அதற்குள் கூடவே கூடாது என்றார். ஒன்பது பிறந்ததும் 22, வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். ஒரு பைசா பிடிக்கவில்லை. அடுத்த தடவை நன்றி சொல்ல வந்தால் அப்பா சார்பில் இல்லாமல் என் சார்பிலேயே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

சுகந்திக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதாம். விமானம், ரயில், கார் எதிலும் தூரப் பயணம் கூடாது, பிரசவம் ராய்ப்பூரிலேயேதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

டிக்கெட்டை ரத்து செய்தேன். முழுப் பணமும் திரும்பி வரும் என்று செய்தி வந்தது. நன்றி.

மார்ச் 19, செவ்வாய்

சுகந்தி பேசினாள். "பரவால்லப்பா" என்றாள். "பரவால்ல கண்ணு" என்றேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். உப்பைக் குறைக்க வேண்டுமாம். குழந்தை நன்றாக இருக்கிறதாம்.

கட்டிலைப் பரணில் ஏற்றலாம் என்று தூக்கினேன். தனியாக ஏற்ற முடியவில்லை. இறக்கும்போது முடிந்தது எப்படி என்று தெரியவில்லை.

மார்ச் 20, புதன்

இன்று ஒன்பது பிறந்துவிட்டது.

மாலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். நல்ல பிள்ளை, வருத்தம் குரலில் தெரிந்தது. தன் அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் என்பதால் தன் அம்மாவால் அதிகம் போனால் ஒரு வாரம்தான் வந்து தங்க முடியும் என்றார். பேச்சுவாக்கில், "கீழ ஊட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனாங்க மாமா. பெயின்ட் அடிக்கறாங்க. அந்த வாசம் இவளுக்கு ஒத்துக்கல" என்றார்.

எனக்கு எங்கேயோ வால்வு திறந்த மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை, அந்தக் கீழ்வீட்டுக்கு வாடகை என்னங்க?"

"யாருக்குங் மாமா?"

"எனக்குத்தானுங்க. ரெண்டு மாசத்துக்குக் குடுப்பாங்களான்னு கேளுங்க. ஒம்போதாம் மாசம் பொண்ணைக் கூட்டிட்டுப் போகோணும். ஒரு மாடி எறங்கறதுக்கு டாக்டரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "லிப்ட் இருக்குதுங் மாமா. நான் இப்பவே போயி சாவிய வாங்கறேன். வாடகைப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க."

மார்ச் 21, வியாழன்

ஓனர் முத்துக்குமாரிடம் விடுப்புக் கேட்டேன். போர்வெல்லுக்கு இதுதான் உச்ச சீசன். கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"சீசன்ல ரெண்டு மாசமாங்ண்ணா? அதுக்கு என்னையக் கொன்னு போட்டுட்டுப் போயிருங்க."

அவர் டீ வாங்கிக்கொடுத்தார். டீ முடிகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராய்ப்பூரா? அதைச் சுத்தித்தான நம்ம வண்டி நாலு ஓடுது? அங்கயே உக்காந்துக்குங்க. ஏதாச்சும் நின்னாக் காலைல போயிட்டு சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருங்க. பாப்பாவ உட்டுப்போட்டு ராத் தங்கற வேலை வேண்டாம்."

நல்ல மனிதர். வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, டிக்கெட் செலவு மிச்சம் என்று இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 22, வெள்ளி

சம்பந்தியம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, ஆம்பளை கட்டுச்சோறு கட்டிட்டு வாரத எங்காச்சும் கேட்டிருக்கறீங்களா? ஊரு சிரிக்கும்."

"ராய்ப்பூர்ல நம்மூருக்காரங்க யாருமில்லீங்க. சிரிச்சாலும் இந்தியிலதான் சிரிப்பாங்க, நமக்குப் புரியாது."

கொஞ்சநேரம் திட்டினார். திட்டு பாதியில் நின்றது. "மாப்பிள்ளை ஊட்ல சோத்த வாங்கி வெக்க ஒரு பொம்பளை வேணுமில்ல? எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க. ஆனா நான் ஏரோப்ளேன்ல ஏறுனதில்ல, சொல்லிப்போட்டேன்."

நாள் முன்பு குறித்ததேதான். முப்பத்தொன்று. பறக்கப்போவது நாங்கள்தானே, எங்களுக்கு வாரக்கணக்கு இல்லை.

மார்ச் 30, சனி

பெட்டி கட்டினேன். பேரிங் எடை பார்க்கிற தொங்கு தராசில் மாட்டி மாட்டிப் பார்த்தேன். குக்கர், இரும்புச் சட்டி, இட்லித் தட்டு, கருப்பட்டி, பிரசவ மருந்து, நாட்டுப்பூண்டு, செலவுச் சாமான்கள். மிளகும் சீரகமும் ஓமமும் விமானத்து முந்திரி டப்பாக்களிலேயே போட்டேன். அவையும் அடிக்கடி பறந்து பழகியவைதான். தொட்டில் கட்ட ஈஸ்வரியின் நூல்சேலை இரண்டு. வெளுத்து மெத்தென்று இருக்கிறது.

வால்வும் பேரிங்கும் போகிற அந்தக் கூடுதல் பத்துக் கிலோவில் ஒரு வீட்டையே அடைக்கலாம் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 31, ஞாயிறு

விடியுமுன் எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு நான்கும் கிளறினேன். தயிர்ச்சோறு அங்கே போய்க் கலந்துகொள்ளலாம் என்று சம்பந்தியம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். வாழையிலையில் கட்டித் துணியில் முடிந்தேன்.

கவுண்டரில் ஷர்மிளா. பெட்டியை வைத்ததும் எடை கொஞ்சம் தூக்கியது. நான் தராசைக் குறை சொல்ல வாயெடுப்பதற்குள், "குக்கரைக் கையில எடுத்துக்குங்க அங்கிள், சரியாப் போயிரும்" என்றது. சிவப்புச் சீட்டை என் பெட்டிக்கும் சம்பந்தியம்மா பெட்டிக்கும் கட்டியது. "அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றது. பார்த்தேயிராத என் மகளுக்கு.

பாதுகாப்புச் சோதனையில் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள். எள்ளுச்சோற்று வாசம் அடித்ததும் அந்தக் காவலர் மூன்று தடவை சோதித்தார். வேறு காரணம் இருக்க முடியாது.

முதலில் ஏற எங்களைக் கூப்பிட்டபோது சம்பந்தியம்மா நகரவில்லை. "நாம மட்டும் எதுக்குங்ண்ணா முன்னால? எல்லாரும் ஒரே நேரத்துலதான போயிச் சேருவோம்?" இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி. கையில் குக்கரோடு முதல் ஆளாக ஏறினேன்.

மேலே போனதும் பணிப்பெண் வந்து, "மிஸ்டர் பழனியப்பன், நன்றி" என்றாள். சம்பந்தியம்மா இருக்கைப்பட்டையைப் பிடித்த பிடியை விடாமல், "உங்கப்பாரைக் கூப்புடுதுங்ளா?" என்றார். விவரம் சொன்னேன். "அப்பப் பேரன் பொறக்கப்போற சேதிய அவருக்கும் சொல்லிருங்க" என்று முந்திரியை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார். அங்கேயே தின்றுவிட்டோம்.

ஹைதராபாத்தில் மாறி ராய்ப்பூரில் இறங்கினோம். எங்கள் பெட்டிகள்தான் முதலில் வந்தன. சோறு ஊசிப்போகும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு மிச்சமான அந்தப் பத்து நிமிஷம் பெரிய உபகாரம்.

மூன்றாவது மாடி. சம்பந்தியம்மா முன்னால் உள்ளே போய், மாப்பிள்ளை வீட்டாராக மாறித் திரும்பி நின்று, "வாங்ண்ணா, வாங்க" என்று என்னை வரவேற்றார். காலையிலிருந்து என்னோடு வந்தவர். சுகந்திக்குச் சிரிப்புத் தாளவில்லை. முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. "சோத்தைப் பிரிங்கப்பா, பசிக்குது" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கென்று உப்புக் குறைத்துத் தனியாக ஒரு கட்டு. எள்ளுச்சோற்றை இரண்டாம் முறை வாங்கினாள். சம்பந்தியம்மா அவளுக்கு வளையல் போட்டுப் பொட்டு வைத்தார். என் கையைப் பிடித்து, "எங்கூட்டுப் புள்ளைய உங்க ஊட்டுக்கு அனுப்பறோங்ண்ணா. பத்திரமாப் பாத்து, ரெண்டு பேராத் திருப்பி அனுப்புங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். மாப்பிள்ளை ஊருக்கு வழியனுப்புகிறவர்போல வாசலில் நின்று கையாட்டினார். லிப்ட் ஒரு மாடி இறங்கியது. கீழ்வீட்டில் பெயின்ட் வாசம் போயிருந்தது. பால் காய்ச்சினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா, "அப்படியே இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்கு 'மாமனார் வீட்டுக்கு' வருகிறார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஆப்பிள் வாங்கி வருகிறார்.

ஏப்ரல் 4, வியாழன்

சம்பந்தியம்மாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். தனியாகப் போகப் பயமில்லையா என்றேன். "முன்னால உக்கார வெக்க மாட்டாங்களே, அதுதான் கொறை" என்றார். பழக்கிவிட்டேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கிற பருத்திக் கொட்டை இங்கே எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டும். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

மதியம் நான் அடுப்படியில் இருந்தேன். சுகந்தி கூடத்தில் படுத்தபடி யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கூடப் படித்த பெண்ணாக இருக்கும்.

"இல்லடி, மேல இல்ல. ஞாயித்துக்கிழமையே அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ.

"ஆமா, அம்மா வீடுதான்" என்றாள். பிறகு, "ஒரு நிமிஷம் இரு. அப்பா, ரசம் பொங்குது பாருங்க!" என்று சத்தம் போட்டாள்.

நான் அடுப்புக்கு நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். எப்படிப் பொங்கியது என்றே தெரியவில்லை.